தண்ணீர் வருமுன் கணக்கு போடுங்கள்: கடலூர், புதுச்சேரிக்கு இனாசேஃப் வழிகாட்டி

ஐப்பசி பிறந்தாலே நம் பக்கத்தில் எல்லோரிடமும் இருக்கும் கேள்வி ஒன்றுதான். தண்ணீர் வந்தால் எந்தத் தெருவில் எத்தனை பேர் மாட்டுவார்கள், அவர்களை எங்கே கொண்டுபோய்த் தங்கவைப்பது, அங்கே எத்தனை மூட்டை அரிசி இறக்குவது? தண்ணீர் வந்த பிறகு இதை யோசித்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வந்திருக்கும் வசதிகளில் நம் ஊருக்கு உண்மையிலேயே பயன்படுபவை எவை, எந்த வரிசையில் செய்தால் வேலை முடியும் என்று எழுதுகிறேன். என்எஸ்எஸ் மாணவர்கள், மீனவ கிராமத்து இளைஞர்கள், பஞ்சாயத்திலும் கொம்யூனிலும் வேலை செய்பவர்கள், யார் வேண்டுமானாலும் செய்யலாம். எக்ஸெல் ஓட்டத் தெரிந்தால் போதும், மிச்சம் பழகப் பழக வந்துவிடும்.

மென்பொருள் இரண்டு. ஒன்று கியூஜிஐஎஸ், வரைபட வேலைகள் எல்லாவற்றுக்குமான பொதுவான கருவி. இன்னொன்று அதற்குள் பிளகினாக, அதாவது கூடுதல் இணைப்பாக, உட்காரும் இனாசேஃப். இந்தோனேசியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை அமைப்பும் ஆஸ்திரேலிய அரசும் உலக வங்கியும் சேர்ந்து உருவாக்கியது. சுனாமியும் வெள்ளமும் நம்மைப் போலவே பார்த்த நாடு என்பதால், அவர்கள் கேட்கும் கேள்விகளும் நம் கேள்விகளாகவே இருக்கின்றன. கியூஜிஐஎஸ்ஸில் நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்குங்கள், புத்தம் புதிய பதிப்பின் பின்னால் போக வேண்டாம். இனாசேஃப் 4 பழைய கியூஜிஐஎஸ் 2-க்கானது, 5 தான் கியூஜிஐஎஸ் 3-க்கு. உங்கள் கணினியில் பிளகின் முரண்டு பிடித்தால் அதே கணக்கை அது இல்லாமலும் போடலாம், அதையும் கீழே சொல்கிறேன்.

திறந்தவுடன் முதல் வேலை, திட்டத்தின் ஆள்கூற்று முறையை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணில் வைப்பது. உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் கடலூரும் புதுச்சேரியும் 44 வடக்கு மண்டலத்தில் வருகின்றன. இதைச் செய்யாவிட்டால் தூரமும் பரப்பும் மீட்டரில் வராமல் டிகிரியில் வந்து நிற்கும்.

இனாசேஃப் மூன்று அடுக்குகளை (லேயர், ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் வரைபடத் தகவல்) கேட்கும். ஆபத்து எது, அதில் மாட்டக்கூடியவை எவை, எந்த எல்லைக்குள் கூட்டிச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் சரியாகக் கொடுத்துவிட்டால் ஓட்டுவது ஒரு பொத்தான்தான். அதனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்த மூன்று அடுக்குகளுக்கே போகும், போகவும் வேண்டும்.

தண்ணீர் எதுவரை வந்தது

எல்லோரும் முதலில் செய்வது, செயற்கைக்கோளில் எடுத்த உயர வரைபடத்தை இறக்கி, இத்தனை மீட்டருக்குக் கீழே உள்ளதெல்லாம் முழுகும் என்று நீலம் அடிப்பது. நம் கடற்கரைக்கு இது ஒத்துவராது. 30 மீட்டர் சதுரங்களாக இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் சில மீட்டர் பிழை இருக்கும், இங்கே நிலமே கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கிறது. இன்னொன்று, அந்தத் தரவுகளில் பல தரையை அளப்பதில்லை, மேலே இருப்பதை அளக்கின்றன. கடற்கரைச் சவுக்குத்தோப்பு மேடாகத் தெரியும். பின்னால் இருக்கும் குப்பம் பத்திரம் என்று கணினி சொல்லும். அதை நம்பித் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

நம்மிடம் இதைவிட நல்ல தரவு இருக்கிறது, மக்களின் ஞாபகம். 2015 நவம்பரில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் ஓடை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் கொட்டிய சுமார் 48 செ.மீ. மழை, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டுத் தென்பெண்ணை இரு கரையும் புரண்டு வந்தது, இதையெல்லாம் பார்த்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சுவரில் கறைகூட இன்னும் சில வீடுகளில் போகவில்லை.

இதைச் சேகரிக்க கியூஃபீல்டு என்ற செயலியை போனில் போட்டுக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் செய்த திட்டம் அப்படியே போனில் திறக்கும், நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஒரு புள்ளி அடுக்கு, அதில் சில கட்டங்கள்: எந்த ஆண்டு வெள்ளம், ஆழம், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நாள் நின்றது, யாரிடம் கேட்டது. கடைசிக் கட்டத்தில் பெயர் வேண்டாம், "டீக்கடைக்காரர்", "எதிர்வீட்டுப் பாட்டி" என்றிருந்தால் போதும்.

ஆழத்தைக் கேட்பதில் ஒரு பக்குவம் வேண்டும். "எத்தனை அடி தண்ணி?" என்று கேட்டால் ஒரே தெருவில் மூன்று அடியிலிருந்து எட்டு அடி வரை பதில் வரும். "நீங்க நின்ன இடத்துல எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று கேளுங்கள். உடனே கையை வைத்துக் காட்டுவார்கள். முழங்கால் என்றால் ஏறக்குறைய அரை மீட்டர், இடுப்பு என்றால் ஒரு மீட்டர், கழுத்து என்றால் 1.4 மீட்டர் என்று பதிந்துகொள்ளுங்கள். சுவரில் கறை இருந்தால் டேப் வைத்து அளந்துவிடலாம், ஆனால் வீட்டுத் தரையிலிருந்து அளக்காதீர்கள், தெருவிலிருந்து அளந்துகொள்ளுங்கள். தானே புயலுக்குப் பிறகும் 2015-க்குப் பிறகும் நிறைய பேர் மனையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தரையிலிருந்து அளந்தால் அந்த உயர்வு உங்கள் கணக்கில் வெள்ளத்தைக் குறைத்துக் காட்டும்.

போன் காட்டும் உயரத்தைப் பதிய வேண்டாம், அது எந்த வேலைக்கும் ஆகாது. இடம் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அது பரவாயில்லை.

புள்ளிகள் சேர்ந்ததும் கியூஜிஐஎஸ்ஸில் வெள்ளத்தின் வெளி எல்லையை நீங்களே வரையுங்கள், அதற்குள் மட்டும் புள்ளிகளுக்கு இடையே ஆழத்தை நிரப்பச் சொல்லுங்கள். இன்டர்போலேஷன் என்ற பெயரில் கருவிப்பெட்டியில் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: விழுப்புரம்-மயிலாடுதுறை ரயில் பாதையின் மேடும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் நம் பக்கத்தில் அணை மாதிரிதான். ஒரு பக்கம் இடுப்பளவு நிற்கும்போது மறுபக்கம் கணுக்கால்கூட நனைந்திருக்காது. கணினிக்கு இது தெரியாது, இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு இரண்டு பக்கமும் முழங்கால் என்று சொல்லிவிடும். ஆகவே மேட்டின் இரு புறமும் தனித்தனி எல்லை வரைந்து தனித்தனியாக நிரப்புங்கள்.

செயற்கைக்கோள் ரேடார் படங்கள், இஸ்ரோவின் புவன் தளத்தில் வரும் வெள்ள அடுக்குகள் எல்லாம் வேண்டாமா என்றால், வேண்டும். வயல்வெளிக்கும் ஏரிப் பாசனப் பகுதிக்கும் மிக நல்லவை, மேகம் மூடியிருந்தாலும் ரேடார் பார்த்துவிடும். ஆனால் புதுச்சேரி ரெயின்போ நகர் மாதிரி வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தெருவில் நிற்கும் தண்ணீர் ரேடாரில் சரியாகப் பிடிபடாது. ஊருக்குள் மக்கள் சொல்வதை வையுங்கள், வெளியே செயற்கைக்கோளை வையுங்கள்.

இப்போது இனாசேஃபின் கீவேர்டு விசார்டைத் திறந்து இந்த அடுக்கு என்னவென்று அதற்குச் சொல்ல வேண்டும். ஆபத்து, வெள்ளம், ஒரு தனி நிகழ்வு, அளவு மீட்டரில் என்று வரிசையாகக் கேட்கும். எத்தனை மீட்டருக்கு மேல் போனால் பாதிப்பு என்று கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு மீட்டர் என்று விட்டுவிட்டால் முழங்கால் தண்ணீரில் அடுப்பு அணைந்து உட்கார்ந்திருக்கும் கீற்றுக்கொட்டகை எதுவும் கணக்கில் வராது. நான்காம் பதிப்பிலிருந்து இந்த எல்லையை மனிதருக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாம். என் அபிப்பிராயத்தில் மொத்த மென்பொருளிலும் நமக்கு மிகவும் உதவும் மாற்றம் இதுதான். மக்களுக்கு 0.3 மீட்டர், சாலைக்கு 0.5, மாடிக் கட்டடங்களுக்கு 1 என்று தொடங்கிப் பாருங்கள், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு, ஆள், சாலை

வீடுகளுக்கும் சாலைகளுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், மக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடம். குயிக்ஓஎஸ்எம் என்ற பிளகின் மூலம் உங்கள் பகுதியை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். புதுச்சேரி நகரத்துக்குள் நன்றாக இருக்கும். குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கம் போனால் சாலை இருக்கும், வீடுகள் குறைவாக இருக்கும். அங்கே கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தியாவுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அது கணினி தானாகப் படத்தைப் பார்த்து வரைந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எவ்வளவு உறுதி என்று ஒரு மதிப்பெண் இருக்கும், குறைந்த மதிப்பெண் உள்ளவற்றை நேரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். தென்னைக்கு அடியில் இருக்கும் கீற்று வீடு மேலிருந்து பார்த்தால் தெரியாது. முதலில் காப்பாற்ற வேண்டியவர்கள் இருப்பது பெரும்பாலும் அந்த வீட்டில்தான் என்பதால், இந்தச் சரிபார்ப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.

மக்கள்தொகைக்கு வேர்ல்டுபாப் தரவு 100 மீட்டர் சதுரங்களாகக் கிடைக்கும். ஆனால் நம் நாட்டில் கடைசியாக முடிந்த கணக்கெடுப்பு 2011-இல். ஊர் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. ரேஷன் கடையில் எத்தனை கார்டு என்று கேட்டால் குப்பம் வாரியாகக் கிடைத்துவிடும். அதைக் கட்டட எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, எங்கே வேர்ல்டுபாப் குறைத்துச் சொல்கிறதோ அங்கே திருத்துங்கள்.

எல்லையை எப்படிப் போடுவது

இதைப் பலர் மாவட்டம், தாலுகா என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் வரும் அறிக்கை "கடலூர் தாலுகாவில் இத்தனை பேர்" என்று சொல்லும். அதை வைத்து யாரும் ஒரு படகைக்கூட நகர்த்த முடியாது. படகும் பஸ்ஸும் சோறும் போவது தெருவுக்கும் குப்பத்துக்கும்தான். எல்லை அடுக்கைத் தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சொத்திக்குப்பம், ராசாப்பேட்டை என்று ஊர் ஊராக வரையுங்கள். நகரத்துக்குள் வார்டு. வார்டு பெரிதாக இருந்தால் அதையும் இரண்டாக்குங்கள். இனாசேஃப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை தரும். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் விகிதத்தையும் எல்லை அடுக்கிலேயே ஊருக்கு ஊர் கொடுக்கலாம். வேலைக்கு வெளியூர் போனவர்கள் அதிகமுள்ள கிராமத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் குழந்தைகளும்தான், அங்கே மாவட்டச் சராசரி பொய் சொல்லும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாகூர் கொம்யூன் பக்கம் யூனியன் பிரதேசமும் தமிழ்நாடும் பின்னிக்கிடக்கின்றன, ஒரு வளைவு திரும்பினால் மாநிலம் மாறிவிடுகிறது. புதுச்சேரி எல்லையை வைத்து வெட்டி எடுத்தால் நடுவில் இருக்கும் தமிழ்நாட்டுக் கிராமம் காணாமல் போகும், கடலூர் மாவட்ட எல்லையை வைத்து வெட்டினால் இந்தப் பக்கம் காணாமல் போகும். தென்பெண்ணை இரண்டு பக்கமும்தான் பாய்கிறது. இரண்டு பக்கத்து ஊர்களையும் ஒரே அடுக்கில் வைத்து, எந்த நிர்வாகம் என்பதை ஒரு கட்டமாக மட்டும் சேருங்கள். அறிக்கையைப் பிரிப்பது பிறகு சுலபம்.

ஓட்டிப் பார்ப்பது

முன்பெல்லாம் மக்களுக்கு ஒருமுறை, கட்டடத்துக்கு ஒருமுறை, சாலைக்கு ஒருமுறை என்று தனித்தனியாக ஓட்ட வேண்டும். இப்போது மல்டி எக்ஸ்போஷர் என்ற வசதியில் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்து ஒரே அறிக்கை வாங்கலாம். எத்தனை பேர், எத்தனை வீடு, பள்ளிக்கூடம் எத்தனை, எந்தச் சாலை எத்தனை மீட்டர் முழுகும் என்று ஊர் வாரியாக வரும். சாலையை விட்டுவிடாதீர்கள். புயல் பாதுகாப்பு மையம் மேட்டில் உலர்ந்து நிற்கும், அங்கே போகும் சாலை இடுப்பளவு தண்ணீரில் கிடக்கும், இப்படி வரும் ஊர்களைச் சிவப்பில் குறித்து, அங்கே மட்டும் தண்ணீர் வருமுன்பே ஆட்களை நகர்த்த வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

அடுத்தது குறைந்தபட்சத் தேவை என்ற பகுதி. இடம்பெயர்வோர் எண்ணிக்கையை வைத்து நிவாரணப் பொருள்களைக் கணக்கிட்டுத் தரும். அதில் முதலிலேயே இருப்பது இந்தோனேசிய அளவு: ஒருவருக்கு வாரம் 2.8 கிலோ அரிசி, 17.5 லிட்டர் குடிநீர், புழங்க 67 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 400 பேர் தங்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இது 1,120 கிலோ அரிசி, 7,000 லிட்டர் குடிநீர், 26,800 லிட்டர் புழங்கும் தண்ணீர், 20 கழிப்பறை ஆகிறது. அரிசி எப்படியாவது வந்து சேரும். 20 கழிப்பறை உள்ள பள்ளிக்கூடம் எது என்று உட்கார்ந்து தேடிப் பாருங்கள், அப்போதுதான் இந்தக் கணக்கின் அருமை புரியும். பட்டியலை நீங்கள் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். பால் பவுடர், நாப்கின், கொசுவத்தி, ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் சேருங்கள்.

இடம்பெயர்வோர் விகிதத்தையும் அப்படியே விடக் கூடாது. பாதிக்கப்படும் எல்லோரும் முகாமுக்கு வருவதில்லை. மாடி வீட்டுக்காரர் மொட்டை மாடியில் தங்கிவிடுவார். படகும் வலையும் இஞ்சினும் கரையில் கிடக்கும்போது மீனவக் குடும்பத்தில் ஆண்கள் அதை விட்டு நகர மாட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும்தான் வருவார்கள். ஆடுமாடு உள்ள வீட்டிலும் ஒருவர் நின்றுவிடுவார். கடந்த முறை முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அங்கே சமைத்தவர்களிடம் கேளுங்கள், சோறு போட்டவருக்குத்தான் சரியான எண்ணிக்கை தெரியும்.

புயலுக்கும் இதில் தனி வசதி இருக்கிறது, காற்றின் வேகத்தை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகில் கொடுக்கலாம். எந்த வகைப்பாடு என்று கேட்கும்போது அமெரிக்க முறையைத் தேர்ந்தால் 64 நாட் வேகத்துக்குக் கீழே உள்ளது எதுவும் ஒரு புயலாகவே கணக்கில் வராது. ஃபெஞ்சல் அந்த முறையில் முதல் படியையே தொடவில்லை. ஆஸ்திரேலிய முறையைத் தேருங்கள். அதன் முதல் படி 34 நாட் வேகத்தில் தொடங்கும், இரண்டாம் படி 48-இல், மூன்றாம் படி 64-இல். நம் வானிலை ஆய்வுத் துறை புயல், தீவிர புயல், மிகத் தீவிர புயல் என்று பிரிப்பதும் இதே எண்களில்தான். ஆனாலும் காற்றை மட்டும் பார்த்து ஊரைப் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை வந்த தானே, காற்றிலேயே பண்ருட்டி பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது, ஃபெஞ்சல் அடித்ததோ மழையிலும் ஆற்றிலும். இரண்டு அடுக்கையும் தனித்தனியாக ஓட்டி, இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

கியூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கும் இரண்டு வசதிகள்

டெம்போரல் கன்ட்ரோலர் 3.14 பதிப்பில் வந்தது. நீங்கள் சேகரித்த புள்ளிகளில் தண்ணீர் வந்த நேரம் இருக்கிறதல்லவா, அதைக் கொடுத்து ஓட்டினால் மணிக்கு மணி புள்ளிகள் ஒவ்வொன்றாக எரியும். கெடிலம் பக்கமிருந்து முதலில் வந்ததா, தென்பெண்ணை பக்கமிருந்தா, கடல் ஏற்றத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாமல் பின்னால் ஏறியதா என்று பார்த்தவுடன் தெரியும். அணையில் திறந்த செய்தி வந்ததிலிருந்து உங்கள் தெருவுக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். நேரம் ஞாபகமில்லை என்பவர்களிடம் அன்று எடுத்த போட்டோவைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், சாதாரணமாக அனுப்பினால் நேரமும் இடமும் படத்திலிருந்து போய்விடும். கேலரியில் இருக்கும் அசல் கோப்பை கேபிள் போட்டு எடுத்துக்கொண்டால், இடக்குறி உள்ள படங்களை கியூஜிஐஎஸ் தானாகவே புள்ளிகளாக்கி நேரத்தையும் எழுதிவிடும்.

எலிவேஷன் ப்ரொஃபைல் 3.26-இல் வந்தது. ஒரு கோடு இழுத்தால் அதன் வழியே நிலத்தின் ஏற்ற இறக்கம் காட்டும். உயரத் தரவு நம் பக்கம் நம்பகமில்லை என்று மேலே சொன்னேன். அந்த நம்பகமின்மையைக் கண்டுபிடிக்கத்தான் இதைப் பயன்படுத்தச் சொல்கிறேன். கடலிலிருந்து உள்ளே ஒரு கோடு இழுங்கள், சவுக்குத்தோப்பு திடீர் மேடாக எழும்புவது தெரியும், அந்த இடங்களைக் குறித்துக் கழித்துவிடுங்கள்.

பிளகின் ஓடாவிட்டால்

பிராசசிங் கருவிப்பெட்டியில் ஜோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது, ஓர் எல்லைக்குள் உள்ள மதிப்புகளைக் கூட்டித்தரும் கருவி. வெள்ள எல்லையை ஊர் எல்லையோடு இன்டர்செக்ட் செய்து (இரண்டிலும் பொதுவான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து), அந்தத் துண்டுகளுக்கு மக்கள்தொகை அடுக்கின் கூட்டுத்தொகையைக் கேளுங்கள். வீடுகளுக்கு, பாலிகனில் உள்ள புள்ளிகளை எண்ணும் கருவி. அப்புறம் ஃபீல்டு கால்குலேட்டரில் ஆள் எண்ணிக்கையை 2.8-ஆல், 17.5-ஆல் பெருக்கினால் அதே பட்டியல்தான். அழகான அறிக்கை வராது, கணக்கு சரியாக வரும்.

கையில் கொடுக்கும் தாள்

கடைசியாகப் பிரின்ட் லேஅவுட்டில் அட்லஸ் வசதியைப் போட்டு, ஊருக்கு ஒரு தாள் என்று அச்சடியுங்கள். புயல் நேரத்தில் முதலில் போவது கரண்ட், அடுத்து டவர், பிடிஎஃப் யாருக்கும் உதவாது. தாளில் வரைபடம் பாதி, பட்டியல் பாதி: எந்தத் தெரு முதலில், எத்தனை பேர், எந்த மையம், எந்த வழி, அந்த வழி எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், மையத்தின் சாவி எந்தப் பொறுப்பில் இருப்பவரிடம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், டார்ச் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருக்கும். ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடம், ஒன்று மீனவப் பஞ்சாயத்தில், ஒன்று மைக் செட் வைத்திருப்பவரிடம். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் சொன்னதால்தான் ஊரே கடற்கரையை விட்டு ஓடித் தப்பியது. மைக் யாரிடம் இருக்கிறது என்பது அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய தகவல்.

வரைபடத்தை ஆண்டுதோறும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. செப்டம்பரில் மூன்றை மட்டும் சரிபாருங்கள்: புதிதாக மண் கொட்டி உயர்த்திய மனைப்பிரிவு எது (அதன் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும்), புதிதாக வந்த பாலம் அல்லது தடுப்புச்சுவர் எது, மையத்தின் சாவி இன்னும் அதே ஆளிடம்தானா. மாறியிருந்தால் அந்த ஊரை மட்டும் மறுபடி ஓட்டி, பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.